விலைக்குக் கீழே இருந்த வரி

எண்கள் எனக்குச் சின்ன வயதிலிருந்தே வரும். எழுத்துதான் நாற்பத்திரண்டாம் வயதில், தொழிற்சங்கம் நடத்திய மாலை வகுப்பில் வந்தது. அதனால் எந்தத் தாளைக் காட்டினாலும் என் கண் எண்ணுக்குத்தான் முதலில் போகும். என் மனைவி பீர்த்தெ அந்த இணைய ஓவிய வகுப்பைக் காட்டியபோதும் அப்படித்தான். மூன்று மாதம், பென்சில் ஓவியம், இரண்டாயிரத்து நானூறு குரோனர். அதற்கு மேல் நான் படிக்கவில்லை.

கட்டலாமா என்று கேட்டாள். மறுநாள் மீன் ஆலையில் இடைவேளையின்போது, கூட வேலை செய்யும் பிரெபனிடம் சொன்னேன். கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவிக்கொண்டே சிரித்தான். கோடு போடக் காசு வாங்கலாம்னா நானும் வகுப்பு நடத்துறேன், உன் பொண்டாட்டிய எங்கிட்ட அனுப்பு என்றான். அதே பாடமெல்லாம் இணையத்தில் சும்மாவே கொட்டிக் கிடக்கிறது என்றும் சொன்னான். பொய்யில்லை. வீட்டுக்கு வந்து அதை என் சொந்த யோசனைபோலச் சொன்னேன். "அதுல ஒரு வித்தியாசம் இருக்கு" என்று ஆரம்பித்தாள். மேலெல்லாம் மீன் வாடை, நான் குளிக்கப் போய்விட்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இலவசப் பாடங்களைப் பார்த்து வரைந்தாள். ஞாயிறுதோறும் ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டுவாள். நான் தொலைக்காட்சியில் கைப்பந்து பார்த்துக்கொண்டே, நல்லா இருக்கு என்பேன். ஈஸ்டருக்குள் நிறுத்திவிட்டாள். நல்லவேளை, காசு கட்டவில்லை என்று பிரெபனிடம் பெருமையடித்தேன்.

போன வாரம் அதே வகுப்பின் விளம்பரம் என் கைபேசியில் வந்தது. இந்த முறை எழுத்துக்கூட்டிக் கடைசிவரை படித்தேன். விலைக்குக் கீழே ஒரு வரி: ஒவ்வொரு வாரமும் ஆசிரியர் உங்கள் படத்தைப் பார்த்து, எங்கே தவறியது என்று எழுதி அனுப்புவார்.

நூலகத்தில் புத்தகங்கள் காலமெல்லாம் சும்மாதான் கிடந்தன. ஆனால் அந்த மாலை வகுப்பில் ஆசிரியை ரிக்மோர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நான் தப்பாக எழுதிய எழுத்துக்கடியில் பென்சிலால் கோடு போட்ட பிறகுதான் எனக்குப் படிக்கவே வந்தது. அது தெரிந்த நான்தான் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

பீர்த்தெ துணி மடித்துக்கொண்டிருந்தாள். பணம் கட்டிவிடலாம் என்றேன். வேண்டாம் என்று சொல்லி, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். கடைசியாக வரைந்த படம். காப்பிக் கோப்பையைப் பிடித்திருக்கும் என் இடது கை.

"இப்பப் பாரு."

பார்த்தேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், மீன் வெட்டும் இயந்திரத்தில் அந்தக் கையின் மோதிர விரல் பாதி போய்விட்டது. படத்தில் ஐந்து விரலும் முழுசாக இருந்தன.

"வேணும்னேதான் அப்படிப் போட்டேன். அதுக்கும் நல்லா இருக்குன்னுதான் சொன்ன."

"விரல் தப்பு" என்றேன்.

"ம். இதைச் சொல்ல உனக்கு ஒன்றரை வருஷம்."

காலுறைகளை ஜோடி சேர்க்க ஆரம்பித்தாள். ஒன்றுக்கு ஜோடி கிடைக்கவில்லை. நானும் தேடினேன்.