வசந்த் மூடிய நம்பர்

ஆம்பூரில் என் ஒர்க் ஷாப்புக்கு வரும் பையன்களுக்கு வண்டி ஓடுகிறதா என்பது முக்கியமில்லை, போட்டோவில் எடுப்பாக விழ வேண்டும். பழைய நூறு சிசி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "ரேஸ் வண்டி மாதிரி பண்ணுண்ணா" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டிக்கொண்டே செய்து கொடுப்பேன்.

கிறிஸ்டினா டீச்சர் அப்படி எதுவும் கேட்கவில்லை. குடியாத்தம் பக்கம் பஸ் போகாத ஊரில் அவருக்கு வேலை. தம்பி விட்டுப்போன பழைய வண்டி வீட்டில் இருந்தது. ஆள் குள்ளம், கால் தரையில் எட்டவில்லை. "எனக்கேத்த மாதிரி இறக்கிக் குடுங்க டேனியல். இதான் என்னால முடிஞ்ச வண்டி" என்றார். முதல் தடவையாக ஒரு வேலையைப் பிடித்துச் செய்தேன். சீட்டைத் தாழ்த்தி, ஹேண்டிலைப் பின்னால் இழுத்தேன். சீட்டுத் தோலும் பெயிண்டும் வசந்த் பொறுப்பு.

வசந்த் தோல் கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷன். மாட்டுத் தோலில் சூடு போட்ட தழும்பு, முள் கிழித்த கீறல் எல்லாவற்றையும் பிசின் தடவி மூடி, வழவழவென்று ஆக்குவதுதான் அவன் பிழைப்பு. லீவு நாளில் என்னிடம் வருவான். மேடு பள்ளம் கண்டால் அவனுக்குக் கை சும்மா இருக்காது.

பதினைந்து வருஷம் முடிந்த வண்டி என்பதால் பதிவைப் புதுப்பிக்க மூவரும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். பிரேக் இன்ஸ்பெக்டர் ஹேண்டில் கழுத்தில் பேப்பரை ஒட்டி, இரும்பில் குத்தியிருக்கும் சேசிஸ் நம்பரை எடுக்கப் பென்சிலால் தேய்த்தார். பேப்பர் முழுக்கக் கறுப்பு. ஒரு எழுத்தும் விழவில்லை.

"நம்பர் இன்னாச்சு?"

நான் வசந்தைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"ஏதோ அசிங்கமா சூடு போட்ட மாதிரி இருந்துச்சுண்ணா... மூடிட்டேன்."

அடப்பாவி! நானும் அதைக் கவனிக்காமல் பளபளப்பைப் பார்த்துப் பல்லை இளித்திருக்கிறேன்.

"எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு நம்பரே அழிஞ்சா நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "வண்டி பழைய இரும்புக்குத்தான் போவும்."

டீச்சர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மரத்தடியில் போய் உட்கார்ந்து, "மறுபடியும் யார் பின்னாடியாவது உக்காந்து, அவங்க வர்றப்போ வந்து, போறப்போ போகணுமா?" என்று மட்டும் கேட்டார்.

வசந்த் திடீரென்று எழுந்தான். "அண்ணா, அது வண்டிக்குப் போடற பட்டி இல்ல. தோலுக்குப் போடற பிசின். பட்டின்னா சுரண்டத்தான் வேணும். இது தின்னருக்கு ஊறிடும்."

எதிர் ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாங்கி, துணியில் நனைத்து அந்த இடத்தில் போர்த்தி வைத்தான். சற்று நேரம் பொறுத்துத் துணியை எடுத்துத் துடைத்தபோது பிசின் கூழாகக் கழன்று வந்தது. முதலில் ஒரு எழுத்து. பிறகு ஒரு மூன்று. டீச்சர் ஆர்.சி.யைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். கடைசி எண் மட்டும் எட்டா, பூஜ்யமா என்று இழுத்தடித்தது. வசந்த் இன்னொரு முறை துடைத்தான். எட்டு.

இன்ஸ்பெக்டர் மறுபடி பென்சிலால் தேய்த்தார். இந்தத் தடவை பேப்பரில் நம்பர் வரிசையாக விழுந்தது. ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்து, "சரிம்மா, எடுத்துட்டுப் போ" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. டீச்சர் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

பெயிண்ட் உரிந்து, ஹேண்டில் கழுத்தில் வெறும் இரும்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. வசந்தால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "டீச்சர், இங்க மட்டும் லேசா ஒரு கோட்டு..." என்று கையை நீட்டினான்.

டீச்சர் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"வசந்த், கைய எடு" என்றார், போயே போய்விட்டார்.