ஐந்து மணி அந்தி

அந்தமானில், மாயாபந்தர் படகு ஜெட்டிக்கு எதிரே, ஒரு மாடி அறையில், ‘திரைக்கதை எழுதித் தரப்படும்’ என்று பலகை மாட்டிய வசந்தகுமாரியைப் பார்த்து ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். உலகமெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு படம் எடுக்கிறார்கள். கதை எங்கிருந்தாவது வந்துதானே ஆக வேண்டும்?

முதல் ஆளாக வந்தவர் முத்துகிருஷ்ணன். போலந்துக்காரர்களோடு சேர்ந்து படம் எடுக்கும் சென்னைத் தயாரிப்பாளர். மதுரையில் நடக்கும் காதல் கதை ஒன்று கேட்டார். மதுரையை அவள் பார்த்ததே இல்லை. இரண்டு மாதம் கனவிலேயே அந்தத் தெருக்களில் அலைந்து எழுதி அனுப்பினாள்.

ஒரு டிசம்பர் மாலை அவர் போனில் கூப்பிட்டார்.

“கதை பிரமாதம்மா. ஆனா எல்லா சீன்லயும் சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டிடுது. மதுரையில அஞ்சு மணிக்கு வெயில் மண்டையப் பொளக்கும்!”

“டைம மாத்திட்டா காம் கதம், வேலை முடிஞ்சுது. இதுக்கு ஏன் டென்ஷன்?” என்றான், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த கணவன் அன்பழகன்.

மாற்றத்தான் உட்கார்ந்தாள். மணி ஐந்து. ஜன்னலுக்கு வெளியே கடல் செம்பருத்திச் சாறாய்க் கலங்கிக் கிடந்தது. ஜெட்டி விளக்குகள் தண்ணீருக்குள்ளும் எரிந்தன. ஒரு படகு சத்தமில்லாமல் இருட்டில் கரைந்தது. அவளுடைய காதலர்கள் பிரிந்து நின்றது இந்த வெளிச்சத்தில்தான். இரண்டு மாதமும் அவள் அலைந்தது இந்தத் தெருவில்தான்.

நேரத்தை அவள் தொடவில்லை. முதல் பக்கத்துக்குப் போய், ‘மதுரை’யை அடித்துவிட்டு ‘மாயாபந்தர்’ என்று எழுதினாள்.