டயர் மாற்றும் காட்சி

தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதுகிறவளைத் தயாரிப்பாளர் கூப்பிட்டனுப்பினார்.

"லாரி ஓட்டுற உங்க கதாநாயகிகிட்ட பொம்பளைத்தனமே இல்லன்னு ஜனங்க கொதிக்கிறாங்கம்மா. ஒரு சீன்லயாவது அழ வைங்க."

"போன வாரம் கதாநாயகன் தேம்பித் தேம்பி அழுதானே சார், அவன்கிட்ட ஆம்பளைத்தனம் இல்லன்னாங்களா?"

"ஈரமான மனசுன்னு உருகிட்டாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. "சரி, அழுவா" என்று எழுந்து போனவள், அன்றே எழுதிக் கொடுத்தாள். அப்பா இறந்த செய்தி வந்ததும் நடுரோட்டில் கதாநாயகி வாய்விட்டு அழுகிறாள். அழுதுகொண்டே ஜாக்கி வைத்து, பஞ்சரான டயரைக் கழற்றி மாற்றுகிறாள்.

தயாரிப்பாளர் தலையில் கைவைத்தார். "இதுக்கும் திட்டுவாங்களே!"

"திட்டட்டும் சார். ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன்."

அப்படியே ஒளிபரப்பானது. வசவுகளும் வந்து குவிந்தன. அவள் அசரவில்லை, கதாநாயகியை அடுத்த ஊருக்கு லாரி ஓட்ட வைத்தாள்.