இரண்டு மடங்கு சதுப்பு

"அப்போ தண்ணிகிட்ட யாரு போய்ச் சொல்றது?" என்று கேட்டாள் ஆர்டித்.

தீயணைப்பு நிலையக் கூடத்தில் மடக்கு நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. மேடையில் நின்ற டாரென், கிடங்கு கட்டப்போகும் கம்பெனியின் ஆள், திரையில் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"புரியலையே மேடம்."

"இங்க இருக்காத, ரெண்டு கவுண்டி தள்ளிப் போய் இருன்னு தண்ணிகிட்ட யாரு சொல்வாங்கன்னு கேட்டேன். நீங்களா, உங்க வக்கீலா?"

கூடம் சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் எல்வுட், "வக்கீல் சொன்னா தண்ணியும் கேக்கும். மணிக்கணக்குல காசு வாங்குவாரில்ல, பயந்துரும்" என்றான். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று.

டாரெனும் சேர்ந்து சிரித்தான். கெட்டவன் இல்லை அவன். கிழவர் மோயர் செத்ததும் பிள்ளைகள் சோளக்காட்டை விற்றார்கள்; கம்பெனி வாங்கியது. காட்டின் அடிவாரத்தில் ஒரு சதுப்பு. அதில் கீழ்ப்பாதி மோயர் நிலத்தில், மேல்பாதி ஆர்டித்தின் மேய்ச்சல் நிலத்தில். ஊற்றுக்கண் இருப்பது ஆர்டித் பக்கம். கீழ்ப்பாதியை மூடினால்தான் லாரிகள் திரும்ப இடம் கிடைக்கும். மூட அனுமதி வேண்டும். அனுமதி வேண்டுமென்றால் போகிற சதுப்புக்கு ஈடு காட்ட வேண்டும். சதுப்பை வளர்த்து அதில் பங்கு விற்கிற ஒரு இடம் ரெண்டு கவுண்டி, அதாவது ரெண்டு மாவட்டம், தள்ளி இருக்கிறது. அதில் ஒரு பங்கை வாங்கிவிட்டால் ஈடு முடிந்தது. எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் செய்கிறது. டாரெனும் அதைத்தான் சொன்னான்.

அப்போதுதான் பின்வரிசையில் நெல்டா எழுந்தாள். எழுந்திருக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை.

"இங்கேயே செய்யலாம்" என்றாள். "ஆர்டித் மேய்ச்சல் நிலத்துல, மேல்பாதிக்கு ஒட்டியே. மூடுற அளவைப் போல ரெண்டு மடங்கு."

டாரென் அவளைப் பார்த்த பார்வையில், 'நான் சம்பளம் கொடுத்துக் கூட்டிவந்த ஆள்தானே நீ' என்று இருந்தது.

சதுப்புக்கு எல்லை குறிப்பது நெல்டாவின் வேலை. கம்பெனிகள் கூப்பிடும்; போவாள். மண்வெட்டியால் குழி தோண்டி, மண்ணின் நிறம் பார்த்து, செடி பார்த்து, ஈரம் பார்த்து, இந்தப் பக்கம் சதுப்பு, அந்தப் பக்கம் மேட்டு நிலம் என்று இளஞ்சிவப்புக் கொடி நட்டுக்கொண்டே போவாள். அவள் கோடு போட்டுக் காத்தது எது என்று யாராவது கேட்டால் பதில் கிடையாது. கோட்டுக்குள்ளே இருந்ததெல்லாம் வேறெங்கோ ஈடு செய்யப்பட்டுவிட்டது. இந்தப் பள்ளத்தாக்கில் இப்போது சோளத்தைவிடக் கிடங்குதான் அதிகம் விளைகிறது. ஓய்வு பெறுவதற்குள் ஒன்றே ஒன்று, கண்ணால் பார்க்கிற இடத்தில், உயிரோடு நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்த ஆசைதான் எழுந்து நின்று பேசியது.

அடுத்த வாரம் நெல்டா ஆர்டித்தின் அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போனவர்கள்.

"ஏண்டி, உன்னை யாரு எழுந்திருக்கச் சொன்னது?" என்றாள் ஆர்டித், வெல்லப்பாகு ஊற்றிச் சுட்ட பலகாரத்தை வெட்டிக்கொண்டே. "நான் பாட்டுக்குச் சண்டை போட்டு, மானமாத் தோத்துட்டு வந்திருப்பேன்."

"கீழ்ப்பாதி போறது போறதுதாண்டி. அதை யாராலயும் நிறுத்த முடியாது. ஆனா அதுக்குண்டான ஈடு உன் கண்ணு முன்னாலயே இருக்கட்டுமே?"

"எம் மேல்பாதிக்கு ஒண்ணும் ஆகாதே? அந்த ஊத்துலதான் மாடு குடிக்குது, நாங்க குடிக்கிறோம்."

"அதைத் தொடவே மாட்டோம். பக்கத்துல புதுசா ஒண்ணு."

எல்வுட் முட்கரண்டியை நீட்டினான். "கீழ சுண்ணாம்புப் பாறை, தெரியுமில்ல? எங்க மாமா வீட்டுத் தோட்டத்துல போன வருஷம் நிலம் வாயைத் திறந்துச்சு. பழைய ஃபிரிட்ஜு, அடுப்பு, கல்லு எல்லாம் போட்டார். அத்தையையும் போடலாமான்னு யோசிச்சார், அத்தைதான் ஒத்துக்கல."

"தெரியும் எல்வுட். அதுக்குத்தான் துளை போட்டுப் பார்த்தேன். எல்லாத் துளையிலயும் கெட்டிக் களிமண். தண்ணி நிக்கும்."

ஆர்டித் கத்தியை வைத்தாள். "இத பாரு. அந்தக் கம்பெனிக்காரன் சொன்னதை நான் காதுல போட்டுக்கல. உன்னைத்தான் கேக்குறேன். இது இருக்குமா?"

"இருக்கும்."

"அப்போ சரி" என்றாள் ஆர்டித். மேற்கொண்டு ஒரு கேள்வி இல்லை. பலகாரத்தில் பெரிய துண்டை நெல்டாவின் தட்டில் வைத்தாள்.

இலையுதிர் காலத்தில் தோண்டினார்கள். பொக்லைன் ஓட்டியவன் ஷெல்டன். களிமண்ணில் அகலமான தட்டுப்போல ஒரு பள்ளம். அந்த வருஷம் மழை இல்லை. அளவுக்குத் தோண்டி முடித்த பிறகும் அடியில் ஈரம் கசியவில்லை.

இந்தத் தொழிலில் எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு. வசந்தத்தில் அதிகாரி வந்து பார்க்கும்போது புதுச் சதுப்பில் தண்ணீர் நின்றாக வேண்டும். நிற்கவில்லையென்றால் தோற்றுப்போனது என்று எழுதிவிட்டுப் போவார். ஆழம் கூடித் தோற்றதை யாரும் பார்த்ததில்லை. காய்ந்து தோற்றதைத்தான் பார்த்திருக்கிறார்கள். அதனால் எல்லாரும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இறக்குவார்கள்.

"இன்னும் ஒரு அடி எறக்கு ஷெல்டன்" என்றாள் நெல்டா.

"எறக்கிட்டாப் போச்சு. டீசல் கம்பெனியோடது."

இன்னொன்றும் செய்தாள். பழைய மேல்பாதிக்கும் புதுப் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு கரை இருந்தது. அதை ஒரு இடத்தில் வெட்டிவிட்டாள். பழையதிலிருந்து தவளையும் விதையும் தாமாகவே புதியதற்கு வரட்டும் என்று. யாரும் கேட்காத வேலை. அவளுக்கு மனசு நிறைந்த வேலை.

குளிர்காலம் போயிற்று. பனி உருகித் தண்ணீர் வந்தது. வந்தது மட்டுமில்லை, நின்றது. மார்ச்சில் ஒரு சாயங்காலம் ஆர்டித் போன் செய்தாள். பேசவில்லை; போனை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. குட்டித் தவளைகள் ஆயிரம் சலங்கை குலுக்கியதுபோலக் கத்தின.

"கேட்டுதா?"

"கேட்டுது."

"புதுசுலயுந்தாண்டி! எல்வுட் தூக்கம் போச்சுன்னு புலம்புறான். அவன் தூக்கம் போனா எனக்கென்ன, கொறட்டையும் சேர்ந்து போகுதில்ல."

அன்று போனை வைத்த பிறகு நெல்டா சமையலறையில் தனியாக நின்று சிரித்தாள். அதிகாரி வந்தார், பார்த்தார், கை குலுக்கிவிட்டுப் போனார். மோயர் நிலத்தில் கீழ்ப்பாதியை மூடினார்கள். கிடங்கின் சுவர் எழும்பியது.

மே மாதம் ஒரு பெருமழை. மறுநாள் காலை ஆர்டித்தின் குரல் போனில் தட்டையாக வந்தது.

"நெல்டா, வா."

போய்ப் பார்த்தாள். புதுப் பள்ளத்தின் மூலையில், அவள் போட்டுப் பார்த்த இரண்டு துளைக்கு நடுவே, நிலம் வாயைத் திறந்திருந்தது. ஒரு கார் இறங்குகிற அகலம். விளிம்பில் சுண்ணாம்புப் பாறை வெள்ளையாகப் பல் காட்டியது. தண்ணீர் சுழன்று சுழன்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஓரத்துச் சேற்றில் தவளை முட்டைகள் ஜவ்வரிசிக் கஞ்சி கொட்டியதுபோல வெயிலில் கிடந்தன. அங்கே களிமண் மெல்லிசு. எவ்வளவு மெல்லிசு என்று பாறையைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த ஒரு அடி இருந்திருந்தால் தாங்கியிருக்கும்.

"குளியல் தொட்டி அடைப்பானை எவனோ உருவிட்டான்" என்றான் எல்வுட். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

நெல்டா கரையைப் பார்த்தாள். அவள் வெட்டிவிட்ட வாய் வழியே பழைய சதுப்பின் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. கோரைக்கு நடுவே, கையகல ஓடையாக, அவசரமே இல்லாமல்.

"மண்ணு! மூட்டை! எல்வுட், டிராக்டரை எடு!"

அடைத்தார்கள். அடைத்ததை அடியில் இருந்தது இழுத்துக்கொண்டது. ஷெல்டன் வந்தான், லாரி லாரியாகக் களிமண் கொட்டினான், பிறகு சிமெண்டுக் கூழ் இறக்கினான். ஒரு வாய் மூடினால் பக்கத்தில் இன்னொரு வாய். கரையை மறுபடி எழுப்பினாள் நெல்டா. அதற்குள் ஊற்றே வேறு வழி கண்டுபிடித்துக் கீழே இறங்கிவிட்டிருந்தது. ஆகஸ்டில் ஆர்டித் வீட்டுக் குழாய் இருமிவிட்டு நின்றது.

டாரென் போன் செய்தான்.

"நெல்டா, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. உங்க மேல யாருக்கும் குறை இல்ல. அந்த இன்னொரு சதுப்புல பங்கு வாங்கிட்டோம். அனுமதியில எந்தச் சிக்கலும் இல்ல."

"மேல்பாதி போயிடுச்சு டாரென். நாம மூடாத பாதி."

"அதுக்கும் சேர்த்தே வாங்கிட்டோம். ரெண்டு மடங்கு." கொஞ்சம் நிறுத்தினான். "முதல்லயே வாங்கியிருந்தா..." என்று ஆரம்பித்தவன், முடிக்காமல் விட்டான். அந்த நாகரிகம் அவனிடம் இருந்தது.

அவன் முடிக்காததை நெல்டா தினமும் முடித்தாள். முதலிலேயே வாங்கியிருந்தால் மேல்பாதி இருந்திருக்கும். ஊற்று இருந்திருக்கும். அவள் அன்றைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தே இருந்திருந்தால் போதும்.

செப்டம்பரில் ஒரு நாள் ஆர்டித்திடம் போய்க் கேட்டாள். "அந்த இன்னொரு சதுப்பை எனக்குத் தெரியும் ஆர்டித். உண்மையாவே நல்ல இடம். பறவையெல்லாம் வருது. ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன், வர்றியா?"

ஆர்டித் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள், டேங்கர் லாரியில் வந்த தண்ணீரில்.

"எல்வுட் செத்துப்போனா, பக்கத்து ஊர்ல அவனை மாதிரியே ஒருத்தன் திடமா இருக்கான், வந்து பாருன்னு கூப்பிடுவியாடி?"

"என்னைத் திட்டுடி. வாய்விட்டுத் திட்டிடேன்."

"எதுக்கு? நீ என்ன வேணும்னேவா செஞ்ச?" என்று வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

பிப்ரவரி கடைசியில் ஆர்டித்தே கூப்பிட்டாள். நெல்டா போனபோது வாசலிலேயே ரப்பர் பூட்ஸோடு நின்றிருந்தாள். தொழுவத்தில் சத்தம் இல்லை.

"மாடெல்லாம்?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாலயே வித்தாச்சு. தண்ணியை விலைக்கு வாங்கி எத்தனை நாள் ஊத்துறது?" மேய்ச்சல் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். "இதையும் கேக்குறாங்கடி. ரெண்டாவது கிடங்கு. எல்வுட் சரின்னுட்டான். இங்க சதுப்பு ஒண்ணும் இல்லைன்னு ஒருத்தர் பார்த்துச் சொல்லணுமாம். டாரென் யாரையோ அனுப்புறேன்னான். வேண்டாம், நெல்டாவே வரட்டும்னுட்டேன்."

"ஆர்டித்... நான் எப்படி..."

"முதல் கோடு நீதானே போட்ட? யாரோ முன்பின் தெரியாத பையன் வந்து மிதிக்கிறதுக்குப் பதிலா நீயே வா."

நெல்டா காரிலிருந்து மண்வெட்டியை எடுத்தாள். கொடிக் கட்டு கோட்டுப் பையில் இருந்தது. மேல்பாதி இருந்த இடத்துக்கு இரண்டு பேரும் நடந்தார்கள். பூட்ஸுக்கு அடியில் ஒட்டவில்லை எதுவும். பழைய கோரை காகிதமாய் நொறுங்கியது. ஒரு இடத்தில் மட்டும் பனி வட்டமாக உருகியிருந்தது. நடுவில், சதுப்பில் முளைக்கிற அந்த நாற்றமடிக்கிற செடி, ஊதா மூக்கை நீட்டிக்கொண்டு, தன் சூட்டிலேயே பனியை உருக்கி வந்திருந்தது. அதன் வேர் ஆழம், கிழட்டு வேர். தண்ணீர் போனது அதற்குத் தெரிய இன்னும் சில வருஷம் ஆகும்.

"வந்திருக்கு பாரு" என்றாள் நெல்டா, தன்னை அறியாமல்.

ஆர்டித் குனிந்து பார்த்தாள். "பாவம்" என்றாள்.

நெல்டா தோண்டினாள். மண் இன்னும் சாம்பல் நிறம்தான், நடுவில் துருப் பிடித்த கோடுகளோடு. நூறு நூறு வருஷம் தண்ணீரில் ஊறிய மண். சேதி அதற்கும் போய்ச் சேரவில்லை. குழியின் ஓரத்தில் மண்டியிட்டுக் காத்திருந்தாள். குழிக்குள் தண்ணீர் ஊற வேண்டும். எப்போதும் ஊறும். இருவரும் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு ஊறவில்லை. அந்தப் பக்கம் கிடங்கில் ஒரு லாரி பின்பக்கமாக வந்து கதவை ஒட்டி நின்றது.

வேறிடம் தோண்டினாள். இன்னோரிடம். ஊற்றுக்கண் இருந்த இடத்திலும் தோண்டினாள். சதுப்பு என்று எழுத மண் நிறம் மட்டும் போதாது, தண்ணீர் வேண்டும். சட்டம் அப்படி. அவளைவிட அதைத் தெரிந்தவர் அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் இல்லை.

மண்வெட்டியைத் துடைத்தாள். துடைக்க ஈரமே இல்லை. கொடிக் கட்டு பிரிக்காமல் பையிலேயே கிடந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் ஆர்டித்.

"முடிஞ்சுது."

"இல்லைன்னு சொல்லிடலாமா?"

நெல்டா ஆமென்று தலையை ஆட்டினாள்.

"சரி, உள்ள வா. டோனட் சுட்டிருக்கேன். தவக்கால நோன்புக்கு முன்னால தின்னு தீர்க்கணும், எல்வுட்டுக்கு டாக்டர் வேண்டாம்னுட்டார்."

அடுக்களையில் பழைய நாற்காலியில் நெல்டா உட்கார்ந்தாள். ஆர்டித் பழக்கத்தில் கெட்டிலைக் குழாயடியில் பிடித்துத் திருகினாள். ஒன்றும் வரவில்லை. "அட, தினமும் இதே கூத்துதான்" என்று சொல்லிக்கொண்டு, மேசைக்கு அடியிலிருந்து கடையில் வாங்கிய தண்ணீர் கேனை இழுத்துச் சாய்த்து, சிந்தாமல் பார்த்துப் பார்த்து ஊற்றினாள்.