எழுபத்து நான்காயிரத்து ஐந்நூறுக்கு ஒரு வெப்சைட்

கடைகளுக்குக் கணக்குப் பார்க்கும் எங்கள் அலுவலகம் மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. போர்டு உண்டு. பக்கத்துக் கட்டடக்காரர் ஏசி பெட்டியை வெளியே மாட்டியதிலிருந்து அதில் பாதி எழுத்து தெரிவதில்லை. பதினோரு வருடமாக அதைப் பற்றி நாங்கள் கவலைப்பட்டதும் இல்லை. ஆள் சொல்லி ஆள் வந்துகொண்டிருந்தார்கள்.

நாங்கள் என்றால் நானும் என் ஓரகத்தியும். அண்ணனைக் கட்டியவள் நான், தம்பியைக் கட்டியவள் அவள். வீட்டில் எங்களுக்குப் பெயர் பெரியவள், சின்னவள். ஒரே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, பகல் முழுக்க எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து, பதினோரு வருடமாக முகம் திருப்பிக்கொள்ளாத ஓரகத்திகள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து கும்பிடு போடுகிறேன்.

போன மாதம் ஃபர்னிச்சர் கடைக்காரர் வந்தார். ஒன்பது வருடக் கிளையண்ட். எங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது. உட்காரவே இல்லை.

"தப்பா நினைக்காதீங்க மேடம். மாப்பிள்ளைதான் இப்ப கடையைப் பாத்துக்கறார். உங்களை நெட்ல தேடியிருக்கார், கிடைக்கலையாம். 'மாமா, இப்படி ஒரு ஆபீஸ் நிஜமாவே இருக்கா?'ன்னு கேக்கறார்."

நிஜமாகவே இருக்கிற ஆபீஸில் நின்றுகொண்டு அதைச் சொல்லிவிட்டு, ஃபைல்களைக் கட்டி எடுத்துப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு மூன்று தடவை காபி கொட்டினேன்.

அடுத்த வாரம் சின்னவள் ஒரு கடிதத்தை என் மேஜையில் வைத்தாள். பெரிய கம்பெனி, தலைமைக் கணக்காளர் வேலை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அக்கா, எனக்குப் போக மனசில்லை. ஆனா வீட்டு லோன் இருக்கு. ஃபர்னிச்சர்காரர் போனதுக்கப்புறம் ரெண்டு பேர் சம்பளம் இங்க வராது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். வரவில்லை. அவள் இல்லாமல் அந்த எதிர் மேஜையை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. 'யோசிப்போம்' என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

யோசிக்க ஒரு வழியும் வந்தது. சிறு கடைக்காரர்கள் சங்கம் தன் நூற்று நாற்பது கடைகளுக்கும் கணக்குப் பார்க்க ஒரு நிறுவனத்தைத் தேடுகிறது என்று கீழே மருந்துக்கடைக்காரர் சொன்னார். விண்ணப்பம் கணினி வழியாகத்தான். சின்னவள் உட்கார்ந்து நிரப்பினாள். பெயர், முகவரி, அனுபவம் எல்லாம் ஏறியது. நான்காவது கட்டம்: இணையதள முகவரி. அதைக் காலியாக விட்டால் விண்ணப்பம் நகர மாட்டேன் என்கிறது.

"இதுக்குக்கூட நாம இல்லாத ஆளுங்கதான் போலிருக்கு" என்றாள்.

"எவ்வளவு ஆகும்டி ஒரு வெப்சைட்டுக்கு?"

"தெரியலையே அக்கா."

ஊர்க் கணக்கையெல்லாம் பார்க்கிற இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை. விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. விலை கேட்கக் கிளம்பினோம்.

முதலில் போனது ஒரு கண்ணாடி ஆபீஸ். கதவு எது, சுவர் எது என்று கண்டுபிடிக்கவே நேரமானது. காபி கொடுத்தார்கள், பதினொரு பக்கத்துக்குக் கொட்டேஷன் கொடுத்தார்கள். மூன்று லட்சத்து இருபதாயிரம். படிக்கட்டில் இறங்கும்போது சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் விழுவார் என்று பயந்தாள் என்று தெரியவில்லை.

இரண்டாவது ஆள் நேரிலேயே வரவில்லை. போனிலேயே, "பதினெட்டாயிரம், எல்லாம் சேர்த்து, நாளைக்கே ரெடி" என்றார். காகிதத்தில் கொடுங்கள் என்றதற்கு, "நம்பிக்கைதானே முக்கியம்" என்றார். கணக்கர்களிடம் சொல்லக்கூடாத வாக்கியம் அது.

மூன்றாமவர் ஒரு அச்சகத்தின் மாடியில் தனியாக வேலை பார்க்கிறவர். எது சொன்னாலும் "சரிங்க மேடம்" என்பார். நாங்கள் அவருக்கு வைத்த பெயரே அதுதான். சரிங்கமேடம் எழுபத்து நான்காயிரத்து ஐந்நூறு என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்குக் கொண்டாட்டம். மூன்று கொட்டேஷனையும் மேஜையில் பரப்பிப் பிரித்து மேய்ந்தோம். கண்ணாடி ஆபீஸ் பக்கத்துக்குப் பக்கம் காசு போட்டிருந்தது. எங்கள் தொலைபேசி எண் மட்டும் இருக்கப்போகிற பக்கத்துக்கும் எட்டாயிரம். இரண்டாம் வருடத்திலிருந்து மாதா மாதம் பராமரிப்பு எட்டாயிரம். போன்காரரைத் தோண்டித் துருவிக் கேட்டதில், தளத்தின் பெயர் அவர் பெயரில் பதிவாகும், இரண்டாம் வருடத்திலிருந்து வருடத்துக்கு முப்பத்தொன்பதாயிரம் கட்டவேண்டும் என்பது வெளியே வந்தது. சரிங்கமேடத்துக்கு வருடம் ஆறாயிரம்தான். மூன்று வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தேன். கண்ணாடி ஆபீஸ் ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரம். சரிங்கமேடம் எண்பத்தாறாயிரத்து ஐந்நூறு. பதினெட்டாயிரம் என்று சொன்ன மகாராசன் தொண்ணூற்றாறாயிரம்!

"அடப்பாவி!" என்று நான் கத்தியதில் கீழே மருந்து வாங்க வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

புதுக் கணினி வாங்க ஒதுக்கியிருந்த பணத்தை எடுத்துச் சரிங்கமேடத்திடம் பாதி முன்பணம் கொடுத்தோம். கொடுத்த கையோடு எங்களுக்குள் சண்டை. வெப்சைட் செலவா, சொத்தா? இந்த வருடமே செலவில் எழுதித் தொலைப்போம் என்றாள் அவள். மூன்று வருடம் உழைக்கப் போகிறது, சொத்தில்தான் காட்ட வேண்டும் என்றேன் நான். அரைநாள் வேலை கெட்டது. கடைசியில் வீட்டுக்குப் போய் அண்ணன் தம்பி இருவரிடமும் பஞ்சாயத்து வைத்தோம். அவர்கள் "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார்கள்.

அந்த மூன்று வாரமும் எனக்கு இருபது வயது குறைந்தமாதிரி இருந்தது. காலையில் எழுந்ததும் எங்கள் தளம் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்றுதான் நினைப்பு ஓடும். போட்டோ எடுக்கும் அன்று சின்னவள் என் முடியைத் தானே வாரிவிட்டாள். "சிரிங்க அக்கா, இன்கம்டாக்ஸ் நோட்டீஸ் வந்தமாதிரி பாக்காதீங்க" என்று போட்டோகிராபருக்குப் பின்னால் நின்று கோணங்கித்தனம் செய்தாள். படத்தில் நான் வாயெல்லாம் பல்லாக இருக்கிறேன்.

கடைசியாக மிச்சமிருந்தது கட்டணப் பக்கம். எந்த வேலைக்கு எவ்வளவு வாங்குவோம் என்பதை வெளிப்படையாகப் போடுவது என்று முடிவு செய்திருந்தோம். இங்கேதான் எங்கள் ஆபீஸ் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு விஷயத்துக்கு ஒரு கோப்பு, அவ்வளவுதான். ஒரு தொகை எப்படி வந்தது, யாரிடம் என்ன கேட்டோம், நான் பக்கத்தில் கிறுக்கிய குறிப்பு, எல்லாம் அதே கோப்பில் அடுத்தடுத்த தாளாக இருக்கும். பிரித்து வைத்தால் எனக்குத் தூக்கம் வராது. வெப்சைட் கோப்பும் அப்படித்தான், கட்டண அட்டவணையும் அதில்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை அதை அப்படியே சரிங்கமேடத்துக்கு அனுப்பி, போனிலும் சொன்னேன்.

"இதுல இருக்கறது அத்தனையும் போட்டுடுங்க. ஒண்ணும் விடாதீங்க."

"சரிங்க மேடம்."

புதன்கிழமை மதியம் தளம் திறந்தது. முதல் பக்கத்தில் எங்கள் இரண்டு பேர் முகம்! உலகத்தில் எந்த மூலையில் இருப்பவனும் இனி எங்களைப் பார்க்கலாம். நான் என் அண்ணிக்கு போன் போட்டேன், சின்னவள் அவள் அக்காவுக்குப் போட்டாள், மருந்துக்கடைக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டு, "எங்க கடை போர்டும் போட்டோல விழுந்திருக்கே!" என்று பூரித்துப்போனார். விண்ணப்பத்தின் நான்காவது கட்டத்தில் முகவரியைத் தட்டியதும் அது மறு பேச்சில்லாமல் நகர்ந்தது. விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று திரையில் வந்தபோது நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள்போல் கத்தினோம். அந்தச் சந்தோஷத்தில் மற்றப் பக்கங்களைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வியாழன் காலை பத்து மணிக்கு சங்கச் செயலாளர் கூப்பிட்டார். பெயிண்ட் கடை வைத்திருப்பவர்.

"மேடம், உங்க கட்டணப் பக்கத்தைக் கமிட்டில சத்தமா படிச்சோம். ஒருத்தர் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறி, தண்ணி குடுக்க வேண்டியதாப் போச்சு."

"கட்டணப் பக்கத்துல சிரிக்க என்ன சார் இருக்கு?"

"அந்தக் கண்ணாடி ஆபீஸ் காபிதான்!"

பக்கத்தைத் திறந்தேன். எங்கள் கட்டண அட்டவணை அழகாக இருந்தது. அதற்குக் கீழே மூன்று கொட்டேஷன்களும், மூன்று வருடக் கூட்டலும், என் கிறுக்கலும் வரிசையாக இருந்தன. நல்லவேளை, யார் பெயரும் இல்லை. நான் பட்டப்பெயர்தான் எழுதுவேன். கண்ணாடி ஆபீஸ்: 'காபி பிரமாதம். அதற்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.' போன்காரர்: 'இவரிடம் கொடுத்தால் நம் வீட்டுச் சாவி அவர் பாக்கெட்டில்.' சரிங்கமேடம்: 'நல்ல மனுஷன். இன்னும் பத்தாயிரம் குறைத்திருக்கலாம், கேட்க வாய் வரவில்லை.'

செயலாளர் பேசிக்கொண்டே இருந்தார். "எங்க கடைக்காரங்ககிட்டயும் இப்படித்தான் மேடம் ஆளாளுக்கு ஒரு விலை சொல்றாங்க. சாயந்திரம் முடிவு சொல்றோம்." முடிவு எந்தப் பக்கம் என்று அவர் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. சிரித்தவர்கள் எல்லாம் வேலை கொடுத்துவிடுவார்களா?

சரிங்கமேடத்தைப் பிடித்தேன். "போடறதுக்கு முன்னாடி நீங்க படிக்கலையா?"

"படிச்சேன் மேடம். ஒண்ணும் விடாதீங்கன்னு சொன்னீங்களே."

"உங்களைப் பத்தியும் எழுதியிருக்கேனே!"

"நல்ல மனுஷன்னுதானே மேடம் போட்டிருக்கு."

இவரிடம் கோபப்படவும் முடியவில்லை. உடனே எடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் எதிர் மேஜையைப் பார்த்தேன். சின்னவள் தன் திரையில் பக்கத்தைக் கடைசி வரைக்கும் உருட்டியிருந்தாள். அங்கே இன்னொரு தாள் இருந்தது. விலை கேட்கக் கிளம்பிய நாள் காலையில், அவள் வருவதற்கு முன்னால் நான் போட்டது. தலைப்பு: 'வெப்சைட் செய்யாவிட்டால் என்ன நஷ்டம்.'

மூன்று வரிசை. புதிய கிளையண்ட் வராமல் போவது, அதற்கு ஒரு தொகை. இருப்பவர்கள் போவது, அதற்கு ஒரு தொகை. மூன்றாவது, 'சின்னவள் போய்விட்டால்'. அதற்கு நேரே தொகை இல்லை. குறிப்பில் மட்டும், 'நாலு தடவை போட்டுப் பார்த்தேன். கணக்கு நிற்கவில்லை. அழுகைதான் வருகிறது' என்று இருந்தது.

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கமிட்டி முழுக்கப் படித்ததுகூடப் பரவாயில்லை. இவள் படித்துவிட்டாள்.

"ஏன் அக்கா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா உனக்குப் போறது கஷ்டமாயிடும். லோன் இருக்கே."

"பதினோரு வருஷத்துல நீங்க ஒரு கட்டத்தைக் காலியா விட்டு நான் பார்த்ததே இல்லை" என்றாள். கண் நிறைந்திருந்தது, குரலில் மட்டும் அதட்டல். பிறகு கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினாள். எட்டிப் பார்த்தேன். பெரிய கம்பெனிக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். வேலைக்கு நன்றி, வர இயலாது.

"அடியே, பைத்தியமா உனக்கு? சாயந்திரம் வரைக்கும் பொறு. அவங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு அனுப்பு. நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கே."

"பாத்துட்டு அனுப்பினா அது அவங்களுக்காக இருந்த மாதிரி ஆயிடும்" என்றாள். நான் கையைப் பிடிப்பதற்குள் அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு சாயங்காலம் வரை இருவரும் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. நான் அவள் லோன் தவணையை என் பங்கிலிருந்து எப்படிக் கட்டுவது என்று மனத்துக்குள் போட்டுப் போட்டு அழித்தேன். போன் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் இருவர் கையும் நீண்டது.

ஐந்தேகாலுக்குச் செயலாளர் கூப்பிட்டார். நூற்று நாற்பது கடையும் எங்களுக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை, அவர்களுக்கு வருகிற கொட்டேஷன்களையும் நான் அதே மாதிரி குறிப்பு எழுதிப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நான் போனை வைத்துவிட்டுச் சொன்னதும் சின்னவள் நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினாள். அவள் வயது நாற்பத்திரண்டு.

"கிடைக்காம போயிருந்தா என்னடி பண்ணியிருப்ப?"

"என்ன பண்றது? லோனை உங்க தலையில கட்டிட்டு நிம்மதியா எதிர்ல உக்காந்திருப்பேன்."

நான் அழுதேன். இந்தத் தடவை அவள் முன்னாலேயே, சத்தமாக அழுதேன். அவள் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டாள்.