இந்த சைடு முடியட்டும்

காதுக்காரர் வீட்டு முன்னறையில் நின்ற இரண்டு பழைய ஸ்பீக்கர் பெட்டிகளும், அந்த வீட்டில் தாங்கள் கேட்டதையெல்லாம் முதலிலிருந்து வரிசையாகத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவில் பாதிப் பேர் குடத்தோடு வெளியே நின்றார்கள், ஆகவே சாட்சிக்குப் பஞ்சமில்லை. ஆம்ப்ளிஃபயர் அணைந்திருந்தது. ஒயர்களைத் தூசு தட்டக் கழற்றி ஜன்னலில் சுருட்டி வைத்திருந்தார்கள். காதுக்காரர் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் இடது பக்கத்துப் பெட்டி ஒரு இளம்பெண்ணின் குரலில், "இதை எங்க வைக்கப் போறீங்க? நடக்கவே இடமில்லையே" என்றது. வலது பக்கத்துப் பெட்டி பெருமூச்சு விட்டது. காதுக்காரர் எழுந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தார். ஒயர் இல்லை. திரும்ப வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, மிட்ரேஞ்ச், அந்த நடுச்சுரம், என்னமாய் இருக்கிறது என்றார். அது தன் பெண்டாட்டியின் குரல் என்று அவருக்குத் தெரிந்ததா என்றால், தெரிந்தது. அதில் விசேஷமாக எதுவும் இருப்பதாக அவருக்குப் படவில்லை.

அந்தப் பெண்டாட்டியைத் தெருவே தையலக்கா என்று கூப்பிடும். பின்னறையில் மெஷின் போட்டுச் சட்டையும் கவுனும் பள்ளிச் சீருடையும் தைப்பவள். குரல் கேட்டதும் பெடலில் அவள் கால் நின்றுவிட்டது. பெட்டிகள் வந்து இறங்கிய அன்றைக்கு அவள் சொன்ன வார்த்தை அது. இடித்துக்கொண்டிருந்த ஒரு சினிமா கொட்டகையிலிருந்து காதுக்காரர் அவற்றை வாங்கி வந்தார். ஒவ்வொன்றும் துணி பீரோ உயரம். வாசல் வழியாக நுழையவில்லை என்று நிலைச் சட்டத்தின் ஒரு பக்கத்தை உடைத்தார்கள். அடுத்த வாரம் சரி செய்துவிடலாம் என்றார். கல்யாணமாகி அப்போதுதான் வந்திருந்த அவள் அதை நம்பினாள். மகள் பிறந்து, வளர்ந்து, வேலைக்குப் போய்த் தனி வீடு பார்த்துக்கொண்டும் போயாயிற்று, நிலையின் அந்தப் பக்கத்தில் இன்னும் சாக்குதான் தொங்குகிறது.

காதுக்காரருக்குக் குடிநீர் ஆபீசில் குழாய் வரைபடம் போடும் வேலை. பட்டப்பெயர் சும்மா வரவில்லை. நாலாவது வீட்டில் குழாய் சொட்டினால் இங்கிருந்தே சொல்லிவிடுவார். தெருமுனையில் திரும்புகிற பஸ்ஸின் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லி, அதைப் போய்ப் பார்த்து வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. வீட்டில் மட்டும் அந்தக் காதுக்கு ஒரு சட்டம் இருந்தது. இசைத்தட்டில் ஊசி இறங்கிவிட்டால் யாரும் மூச்சுக் காட்டக் கூடாது, மெஷின் ஓடக் கூடாது, பாத்திரம் நகரக் கூடாது. பெட்டிகளுக்கு எதிரே நட்டநடுவில், மூன்று முனைக்கும் நூல் பிடித்து அளந்து போட்ட ஒற்றை நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தையலக்கா நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். சொல்ல வாயெடுத்தால் திரும்பிப் பார்க்காமல், கண்ணைத் திறக்காமல், வலது உள்ளங்கையை மட்டும் உயர்த்துவார். அவள் சொன்னதெல்லாம் அவர் தலைக்கு மேலே போய் எதிரே இருந்த பெட்டிகளின் காகிதக் கோனில் விழுந்தது. வாழ்நாள் பூராவும் அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது.

மகளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு நாள் மத்தியானம் ஜுரம் அனலாய்க் கொதித்தது. காதைப் பிடித்துக்கொண்டு சுருண்டு அழுதது பிள்ளை. தலையணையில் சீழ். வீட்டில் ஒரே வண்டி, அதை ஓட்டத் தெரிந்தவர் நாற்காலியில். தையலக்கா பின்னால் நின்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கை உயர்ந்தது. காத்திருந்தாள், பாவி மகள், காத்திருந்தாள். ஒரு பக்கம் முடிந்து அவர் தட்டைத் திருப்பிப் போட்டதும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தாள். போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கிளம்பிப் போயிருந்தார். மறுநாள் அவர் பார்த்துவிட்டு, நேற்றே கொண்டு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். வலது காது போனது போனதுதான்.

அதற்குப் பிறகு காதுக்காரர் நாக்கூசாமல் ஊர் பூராவும் ஒரு வாக்கியம் சொன்னார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பறந்திருக்க மாட்டேனா?" சொன்னேன் என்று அவள் கரடியாய்க் கத்தினாள். யார் நம்புவது? நாலாவது வீட்டுக் குழாய் கேட்கிற மனுஷனுக்குப் பெற்ற பிள்ளை அழுதது கேட்காமல் போகுமா என்று அவருடைய அக்கா கேட்டாள், பக்கத்து வீட்டார் கேட்டார்கள், கடைசியில் மகளே கேட்டாள். அந்தப் பெண் வளர்ந்த பிறகு அம்மாவோடு சண்டை போடவில்லை, ஒரு சொல் கடிந்து பேசவில்லை. எங்கே உட்கார்ந்தாலும் வலது பக்கம் அம்மா இருக்கும்படி பார்த்து உட்காருவாள், அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று தையலக்கா மெஷினிடம் சொல்லிக்கொள்வாள்.

ஆகவே பெட்டிகள் பேசத் தொடங்கிய அன்றைக்கே அவளுக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகின்றன, என்றைக்காவது அந்த மத்தியானத்துக்கும் வந்து சேரும். காதுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தால் பேசும், எழுந்தால் நிறுத்தும். அவள் அந்த அறையில் பேசியதே கொஞ்சம்தான் என்பதால் வருடங்கள் மளமளவென்று நகர்ந்தன. சாப்பாடு ஆறுதுங்க. எனக்கு மாசம் தள்ளிப் போயிருக்கு. பாப்பா நிக்குது பாருங்க, பிடிக்காம நிக்குது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கொஞ்சம் மௌனம். அந்த மௌனத்தில் ஒரு கை உயர்ந்திருக்கிறது என்று அவளுக்கு மட்டும் தெரியும். மெஷினை நிறுத்திவிட்டுக் கதவோரம் நின்று கேட்பாள். வயிறு எரியும். இத்தனை வருடமும் பொய்க்காரி என்ற பெயரைச் சுமந்தவளுக்கு அந்த எரிச்சல் புதிதில்லை, அதற்கு ஒரு நாள் குறித்திருக்கிறது என்பதுதான் புதிது.

செய்தி பரவி, இசைத்தட்டுக்காரர்கள் வந்தார்கள். காதுக்காரரின் கூட்டாளிகள், ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. அவர்களில் பல் டாக்டர்தான் புதிய கட்சி. சுவரில் படம் மாட்டுகிற மாதிரி மாட்டிவிடக்கூடிய மெல்லிய வெள்ளை ஸ்பீக்கர்களை வைத்திருந்தார். கைபேசியைத் தொட்டால் பாடும், ஒயர் கிடையாது. பழைய பெட்டி பொய் சொல்லும் என்பது அவர் வாதம். பாட்டோடு தன் மரத்தின் குரலையும் சேர்த்துவிடும், அடிநாதம் கொழகொழவென்று வரும். புதியது கொடுத்ததைக் கொடுத்தபடி சொல்லும். காதுக்காரர் ஒத்துக்கொள்ளமாட்டார். புதியதை அசைக்க ஆனை பலம் வேண்டும், என் பெட்டியின் காகிதம் ஒரு மூச்சுக்கே அசையும் என்பார். அப்படி அசைந்ததால்தான் கேட்டதையெல்லாம் வைத்துக்கொண்டிருக்கிறது, ஸ்பீக்கரும் மைக்கும் அடிப்படையில் ஒரே பொருள்தானே என்று பல் டாக்டரே விளக்கம் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அதிசயம் அத்தோடு தீர்ந்தது. பிறகு தினமும் அந்தக் குரலின் உருட்சியைப் பற்றிப் பேசினார்கள், தொண்டை அடைப்பது எவ்வளவு துல்லியமாய்க் கேட்கிறது என்று வியந்தார்கள். பல் டாக்டர் அதைக் கைபேசியில் பதிந்து தன் வெள்ளை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். சுத்தமாக இருக்கிறது, ஆனால் சதை இல்லை என்றார்கள். அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. படித்தவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள், ஒருத்தரும். ஒரு நாள் தேநீர் கொண்டுவந்த தையலக்கா, அது நான் என் புருஷனிடம் சொன்னது, கொஞ்சம் என்னவென்று கேளுங்கள் என்று ஆரம்பித்தாள். அத்தனை பேரும் கண்ணைத் திறக்காமல் உள்ளங்கையை உயர்த்தினார்கள்.

இதற்கிடையில் காதுக்காரருக்குப் பெட்டிகள் சலித்துவிட்டன. எந்தத் தட்டைப் போட்டாலும் நடுவில் அவள் குரல் குறுக்கே வந்தது. போகப் போகக் குரலில் காரமும் ஏறியது. அவர் பெட்டிகளைப் பார்த்தும் கையை உயர்த்திப் பார்த்தார். பெட்டிகள் அடங்குவதாயில்லை. கட்டிக்கொண்டவளை அடக்கிய கை மரப்பெட்டியிடம் பலிக்கவில்லை. வரப்போகும் மத்தியானத்துக்குப் பயந்துதான் அவர் முடிவெடுத்தார் என்று தெருவில் சிலர் சொல்கிறார்கள். அவ்வளவு யோசிக்கிற ஆள் இல்லை. பாட்டு கெடுகிறது, அவ்வளவுதான் அவர் கவலை. பெட்டிகளைப் பல் டாக்டருக்குக் கொடுத்துவிட்டு வெள்ளை ஸ்பீக்கர்களை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கடைசியாக ஒரு தடவை திரைச்சோதனை, அதாவது இரண்டையும் கறுப்புத் துணிக்குப் பின்னால் வைத்து, எது என்று தெரியாமல் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது. பிறகு வண்டி வரும். திரையைத் தைக்கும் வேலை யாருக்கு? தையலக்காவுக்குத்தான்.

அவள் தைத்துக் கொடுத்தாள். முந்தின நாள் சாயங்காலம் பெட்டிகள், பாப்பாவுக்குச் செருப்பு கடிக்குது, புதுசு வாங்கணும் என்று சொல்லி நின்றிருந்தன. அந்தச் செருப்பு வாங்கிய வாரத்தில்தான் ஜுரம் வந்தது. தையலக்கா மகளுக்குப் போன் போட்டாள். "ஒரே ஒரு தடவை வந்து உட்காரு. அதுக்கப்புறம் நீ இந்த வீட்டுக்கு வரவே வேணாம், நான் கேக்கமாட்டேன்." மறுமுனையில் மகள் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். பிறகு சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். மகள் ஓரத்து நாற்காலியில், வழக்கம்போல வலது பக்கம் அம்மா நிற்கும்படி உட்கார்ந்தாள். அதனால் அவளுடைய நல்ல காது நேரே திரையைப் பார்த்திருந்தது. முதலில் வெள்ளை ஸ்பீக்கர்கள் ஒரு பாட்டுப் பாடின. சுத்தம் என்றார்கள். அதுவரை நின்றிருந்த காதுக்காரர் பிறகு தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். திரைக்குப் பின்னால் ஒரு பழைய தட்டு சுழலும் கரகரப்பும் தூரத்தில் ஒரு பிள்ளையின் முனகலும் கேட்டன.

"என்னங்க, பிள்ளைக்கு நெருப்பா கொதிக்குது. காதுல சீழ் வருது. வண்டியை எடுங்க." மௌனம். "என்னங்க, உங்களைத்தான். துடிக்குறா அவ." மௌனம். "காலைப் பிடிச்சுக் கேக்கறேன், எழுந்திருங்க." அப்புறம், தையலக்காவே மறந்துபோயிருந்த ஒன்று வந்தது. ஒரு ஆணின் குரல், தணிவாக, கொஞ்சம் எரிச்சலோடு: "கேட்டுச்சு, கேட்டுச்சு. இந்த சைடு முடியட்டும்."

தட்டு ஓடி முடிந்தது. ஊசி தூக்கும் சத்தம், தட்டைத் திருப்பும் சத்தம், ஊசி மறுபடி இறங்கும் சத்தம். சாக்கை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வெளியே போகும் காலடி. பிள்ளையின் அழுகை தெருவில் தேய்ந்து மறைந்தது. பல் டாக்டர் கண்ணைத் திறக்காமல், அழுகையில் மேல்சுரம் சற்றுக் கூர்மை, ஆனால் அந்த ஆண்குரல் அபாரம், பழையதுக்கே என் ஓட்டு என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

காதுக்காரர் மூஞ்சியில் ஈயாடவில்லை. மெல்ல மகள் பக்கம் திரும்பி, அது வந்தும்மா என்று வாயெடுத்தார். மகள் அவரைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியபடி வலது உள்ளங்கையை உயர்த்தினாள்.

"இந்த சைடு முடியட்டும்ப்பா" என்றாள்.

அன்றைக்கு வரைக்கும் கூட்டத்தின் நடுவில் குரல் எழுப்பாத தையலக்கா, எல்லாரும் எழுந்து வெளியே போங்கள் என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆளுக்கொரு நாற்காலியோடு அவர்கள் போனார்கள். வெள்ளை ஸ்பீக்கர்களைப் பல் டாக்டர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். வெளியே வந்து நின்ற வண்டியை அவளே திருப்பி அனுப்பினாள். மகள் எழுந்து, நாற்காலியைச் சுற்றி அம்மாவின் மறுபக்கம் போய் நின்றாள். அம்மா, சொல்லு என்றாள். தையலக்கா சொல்ல ஆரம்பித்தாள். ஆரம்பித்ததை நிறுத்த முடியவில்லை. அதில் பாதி திட்டு.

பெட்டிகள் இப்போது பின்னறையில், தையல் மெஷினுக்கு எதிரே நிற்கின்றன. அந்த நிலையையும் ஒரு பக்கம் உடைக்க வேண்டியிருந்தது, காதுக்காரரே உடைத்தார், இரண்டு நிலையையும் அதே வாரம் ஆசாரியைக் கூட்டி வந்து சரி செய்தார். நூல் பிடித்துப் போட்ட நாற்காலியில் தையலக்கா உட்கார்ந்து மெஷின் ஓட்டுகிறாள். பெட்டிகள் அவள் உட்கார்ந்தாலும் பேசுகின்றன. துணி கொடுக்க வருகிறவர்கள் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டு, அளவு சொல்லிவிட்டுப் போகிறார்கள். மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அம்மாவுக்கு வலது பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்கிறாள். சாயங்காலங்களில் காதுக்காரர் வந்து அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார், மெஷின் சத்தத்துக்கு மேலே ஏதோ சொல்கிறார். மன்னிப்பாக இருக்கலாம், சாப்பாட்டைப் பற்றியும் இருக்கலாம். தையலக்கா திரும்புவதில்லை. அவர் சொல்வது அவள் தலைக்கு மேலே போய் எதிரே இருக்கிற காகிதத்தில் விழுகிறது. பெட்டிகள் எதையும் தவற விடுவதில்லை, வரிசையும் மாற்றுவதில்லை. அவருடைய முறை வருவதற்கு இன்னும் பல வருடங்கள் இருக்கின்றன.