பின்னால் வந்த பஸ்

இரண்டாம் நாள் பிற்பகலில், ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் துக்கத்துக்கென்று ஒதுக்கிய மூன்றாம் எண் கூடத்தில் இருந்தவர்களும் அவர்கள் இருந்த இடமும் இப்படி. இறந்தவரின் படத்துக்கு வலப்பக்கம், கையில் துக்கப் பட்டையோடு, மகன் ஹான்சொல் நின்றான். வருகிற ஒவ்வொருவரோடும் சேர்ந்து தரையில் விழுந்து எழ வேண்டியவன், உட்கார முடியாது. சுவரோரம் முதல் பலகையில் இறந்தவரின் அக்கா, முட்டியை நீவியபடி. வாசலை ஒட்டி, எழுந்தால் காலில் செருப்பு மாட்டும் தூரத்தில், பஸ் டெப்போ டிரைவர்கள் நாலைந்து பேர். அடுத்த நடைக்குப் போக வேண்டியவர்கள். குளிர்சாதனப் பெட்டியின் கீழே இருந்த நீளப் பலகையை மராத்தான் ஓட்டக் குழுவினர் முழுக்கப் பிடித்திருந்தார்கள். அவர்கள் நடுவில், குழுத் தலைவன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தெக்கில். அடுக்களைத் திறப்பில், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு காரமாய்ப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் கிம்ச்சியைத் தட்டுகளில் பிரித்துக்கொண்டிருந்தாள் எதிர்க்கடைக்காரி சுன்னிம்.

இறந்தவரின் மனைவி மிரே மட்டும் கூடத்தில் இல்லை. மாற்றுத்துணி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பிளாஸ்டிக் பையை மறுபடியும் தரையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

பையின் மேல் அவள் கணவர் குவோன் சாங்ஹோவின் ஓட்ட எண் ஒட்டியிருந்தது. மராத்தான் புறப்படும் இடத்தில், குளிருக்குப் போட்டிருந்ததையெல்லாம் கழற்றி இப்படி ஒரு பையில் போட்டு லாரியில் ஏற்றிவிடுவார்கள். லாரி முன்னால் போய் முடிவிடத்தில் நிற்கும். ஓடி முடித்தவன் வியர்வை ஆறுவதற்குள் எடுத்து மாட்டிக்கொள்வான். சாங்ஹோ முடிவிடத்துக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பாலத்தின் நடுவில் விழுந்தவர், ஆஸ்பத்திரி வருமுன் போய்ச் சேர்ந்துவிட்டார். பையை மட்டும் யாரோ பொறுப்பாகக் கொண்டுவந்து ஹான்சொல்லிடம் கொடுத்தார்கள்.

ஒரு துண்டு, ரப்பர் செருப்பு, பாதி உரித்து மூடிய வாழைப்பழம், அவ்வளவுதான். கோட்டு இல்லை. நீலக் கோட்டு, முதுகில் டெப்போ பெயர் போட்டது. மூன்றாவது பொத்தான் போய், மிரே வேறு நிறத்தில் ஒன்று தைத்திருந்தாள். ஞாயிறு விடிகாலை, பனிக்காற்றில், அது இல்லாமல் மனுஷன் எப்படி வெளியே போனார் என்பதுதான் அவளுக்கு ஓடவில்லை. தூக்கக் கலக்கத்தில் அவள் வாசல்வரை வரவில்லை. அந்த ஒரு குறையை நேற்றிலிருந்து நெஞ்சில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே நீளப் பலகையில் பேச்சு சூடேறியிருந்தது. மூன்று நாளும் கூடத்துக்கு வந்தவர்கள் குடிக்க வேண்டும், சீட்டாட வேண்டும், சிரிக்கவும் வேண்டும். பிணத்தைத் தனியாக விடுவது அங்கே மரியாதையில்லை. தெக்கில் பழைய கதையை எடுத்தான். எல்லோரும் நூறு தரம் கேட்ட கதை.

மலைச்சரிவுப் பேட்டைக்கு ஏறி இறங்கும் சின்னப் பச்சை பஸ்ஸைச் சாங்ஹோ இருபது வருஷத்துக்குமேல் ஓட்டினார். உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை விழுந்தவரைத் தெக்கில்தான் ஒரு நாள் கண்ணாடிக்கு அளவெடுக்கும்போது, தூரத்துப் பார்வை நன்றாயிருக்கிறது, தூரம் போகத்தான் கால் இல்லை என்று சீண்டி, குழுவில் சேர்த்தான். போன வருஷ மராத்தானில் சாங்ஹோ பாதிக்குமேல் தாண்டிப் பாலத்துக்கிட்டே திணறினார். நேரத்துக்குள் வராதவர்களை அள்ளிப் போட்டுக்கொள்ள ஓட்டத்தின் கடைசியில் ஒரு பஸ் ஊர்ந்து வரும். அது அவரை ஏற்றிக்கொண்டது. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டினவர் அடுத்தவன் பஸ்ஸில் முடிவிடம் போய் இறங்கினார். மற்றவர்கள் கழுத்தில் பதக்கம் தொங்க, தெக்கில் இவர் கழுத்தில் ஒரு பஸ் பயண அட்டையை நாடாவில் கோத்து மாட்டினான். அன்றிலிருந்து குழுவில் அவர் பெயர் 'பயணி'.

"இந்த வருஷம் என் பொணம்தான் அந்த பஸ்ல ஏறும்னாரு பயணி அண்ணன்," என்று சொல்லிவிட்ட பிறகுதான் தெக்கிலுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. கிண்ணத்தைப் பார்த்தான். யாரோ அதில் சோஜு சாராயத்தை ஊற்றினார்கள்.

மிரே பையை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தாள். அடுக்களையில் தொடுகறி தீர்ந்துவிட்டது என்று நாத்தனார் குரல் கொடுக்க, சுன்னிம் தன் கடையிலிருந்து கொண்டுவந்த பெரிய பையைத் திறந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக மேடையில் அடுக்கினாள். மிளகாயில் பிசைந்த முள்ளங்கி, எள்ளிலை, குட்டி மீன். கடைசி டப்பா கொஞ்சம் இடித்தது. இழுத்தாள். கூடவே நீலத் துணிக் கை ஒன்று வெளியே வந்து தொங்கியது.

சுன்னிம் அதைச் சட்டென்று உள்ளே திணித்தாள். அந்த அவசரம் மிரேயின் கண்ணில் பட்டது. கிட்டே போய், பையிலிருந்து முழுதாக உருவி எடுத்தாள். மூன்றாவது பொத்தான் பழுப்பு.

"அக்கா, இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

சுன்னிம் கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள். சந்துக்கு இந்தப் பக்கம் மிரே வீடு, அந்தப் பக்கம் சுன்னிம் கடை. குளிர்கால முட்டைக்கோஸை இரண்டு வீட்டுக்கும் ஒரே தொட்டியில் உப்பிடுகிறவர்கள். ஹான்சொல் ராணுவத்துக்குப் போனபோது மிரே அழுதது சுன்னிம் தோளில்.

"அவருதான் குடுத்தாரு."

"எப்போ?"

"சனிக்கிழமை சாயங்காலம், கடைக்கு வந்து. பாலத்துக்கிட்ட நின்னுடறேன், உடம்பு வேர்த்திருக்கும், போட்டுக்க ஏதாவது வேணும்னாரு."

மிரேவுக்கு முதலில் புரியவில்லை. பாலத்தில் எதற்கு நிற்க வேண்டும், ஓட்டம் அதற்கப்புறமும் எவ்வளவோ இருக்கிறதே என்று கேட்டாள். சுன்னிம் குரலைத் தாழ்த்திச் சொல்லத் தொடங்கினாள். குளிர்காலத்தில் டெப்போ பரிசோதனைக்குப் போனபோது நெஞ்சில் ஒரு ரத்தக் குழாய் அடைத்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். டெப்போவுக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று முடிவை மறைத்து, வேறு ஒரு டாக்டரிடம் தனியாகக் காட்டியிருக்கிறார். வசந்தம் கழிந்ததும் சரிசெய்துகொள்ளலாம், அதுவரை ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"அந்த ஓடவே கூடாதுங்கறத அவரா பாதியாக்கிக்கிட்டாரு," என்றாள் சுன்னிம். "எண்ணு வாங்கியாச்சு, பேரு குடுத்தாச்சு, பாலம் வரைக்கும் மெல்லப் போயிட்டு வந்துடறேன்னாரு. உன்கிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாதுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சத்தியம் வாங்கினாரு."

"ஒவ்வொருத்தர்கிட்டயுமா?"

சுன்னிம் நீளப் பலகைப் பக்கம் பார்த்தாள். அங்கே தெக்கில் தலையைக் குனிந்துகொண்டு, காலிக் கிண்ணத்தை மற்றொரு காலிக் கிண்ணத்துக்குள் வைத்தான்.

மிரே அந்த ஞாயிற்றுக்கிழமையைத் திரும்பப் பார்த்தாள். பாலத்தின் ஏற்றத்தில், கயிறு கட்டிய ஓரத்தில், அவளும் சுன்னிமும் நின்றிருந்தார்கள். சுன்னிமின் கடைத் தகரத் தட்டும் கரண்டியும் மிரே கையில். அதைத் தட்டச் சொல்லிக்கொடுத்ததே குழுக்காரர்கள்தான். அண்ணன் வரும்போது என்ன சொல்லிக் கத்த வேண்டும் என்றுகூட ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கூட்டம் ஓடி, மெலிந்து, கடைசியில் அவர் வந்தார். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு. வந்தவர் ஓரத்தைப் பார்த்து ஒதுங்கினார், நேராக இவர்களை நோக்கி. பின்னால் தொலைவில் அந்த பஸ் தெரிந்தது. போன வருஷம்போலவே விட்டுவிடப் போகிறார், மறுபடி ஒரு வருஷம் பயணி பயணி என்று கேலி கேட்டுக்கொண்டு முகத்தைத் தொங்கப்போடப் போகிறார் என்று அவளுக்குப் பதறியது. தட்டை ஓங்கித் தட்டினாள். பஸ் வருது பயணி, ஏறப்போறீங்களா என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவர் நின்றார். அவளைப் பார்த்தார். சிரித்தார். எதிரே வரும் பஸ்காரனுக்கு டிரைவர்கள் காட்டுவார்களே, அதுபோல உள்ளங்கையை ஒரு தரம் தூக்கிக் காட்டிவிட்டு, மறுபடி நடுச்சாலைக்குப் போனார்.

அப்போது சுன்னிமின் கை பைக்குள் இருந்தது. மிரேவுக்கு இப்போது ஞாபகம் வந்தது. தண்ணீர் எடுக்கிறாள் என்று நினைத்திருந்தாள்.

"நான் கத்தினேனே அக்கா. பக்கத்துலதானே நின்னீங்க."

படத்தின் முன்னால் புதிதாக யாரோ வந்து ஊதுவத்தி ஏற்ற, ஹான்சொல் விழுந்து எழும் ஓசை கேட்டது.

"கோட்ட எடுக்கத்தான் கையை விட்டேன்," என்றாள் சுன்னிம். "நீ கத்தினதும் அவரு சிரிச்சாரு பாரு. அந்த மூஞ்சியப் பாத்ததும் எனக்குக் கை வரல, மிரே. எல்லாரும் சேர்ந்து ஆசையா நிக்கிறோம். இன்னும் கொஞ்சம்தானே, ஓடிட்டுப் போகட்டும்னு..."

மிரே கோட்டை உதறி, மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

கூடத்து மேலாளர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். கையில் ஒரு தட்டு, அதில் ஆறு ஜோடி வெள்ளைக் கையுறை. காலையில் சவப்பெட்டி தூக்குகிறவர்கள் யார் யார் என்று கேட்டார். கேட்கவே தேவையில்லை என்பதுபோல தெக்கில் எழுந்து தட்டை வாங்கிக்கொண்டான். இறந்தவரின் சினேகிதர்கள்தான் பெட்டி தூக்குவது வழக்கம். ஹான்சொல்லும் நேற்றே அவனிடம் சொல்லி வைத்திருந்தான்.

"டெப்போக்காரங்க தூக்கட்டும்," என்றாள் மிரே.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சீட்டைப் பிரித்துக்கொண்டிருந்த கை நின்றது. வாசலோரம் இருந்த டெப்போ மேஸ்திரி, செருப்புக்குள் விட்ட காலை வெளியே எடுத்தார். நாளைக் காலை ஓய்வில் இருப்பவர்கள் நாலு பேர்தான், மற்றவர்கள் வண்டியில் இருப்பார்கள் என்று தயங்கினார். பிறகு அவராகவே, ஒரு வண்டியை ஒரு நடைக்கு நிறுத்தி வைத்தால் தானும் இன்னொருவரும் வந்துவிடலாம் என்றார். நிறுத்தத்தில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டால் போகிறது.

தெக்கில் தட்டோடு நின்றான். காது சிவந்திருந்தது.

"அண்ணி, நாங்க எதுல குறை வெச்சோம்? அண்ணனே கேட்டுக்கிட்டாரு. மறுத்துப் பேச முடியுமா அவர்கிட்ட? உங்களுக்கு பயம் காட்ட வேணாம்னுதானே..."

"குறை ஒண்ணும் இல்ல தம்பி," என்றாள். "நீங்க தூக்க வேண்டாம். பஸ்ல ஏறி உக்காந்துக்குங்க."

ஹான்சொல் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலை டிரைவர்கள் தங்கள் கையுறையைத் தாங்களே போட்டுக்கொண்டு வந்தார்கள்; தினமும் ஸ்டியரிங் பிடிக்கிற அதே வெள்ளைக் கையுறை. தட்டில் இருந்த ஆறு ஜோடியும் பிரிக்காமல் அப்படியே இருந்தன. ஹான்சொல் படத்தை ஏந்தி முன்னால் நடந்தான். துக்க பஸ்ஸின் பக்கவாட்டுக் கதவு தூக்கித் திறந்தது. பெட்டி பயணிகளின் இருக்கைக்குக் கீழே உள்ள அறைக்குள் சறுக்கிப் போயிற்று. மேஸ்திரி பழக்கத்தில் கதவை ஒரு தரம் அழுத்திப் பார்த்து, பூட்டு விழுந்ததா என்று தட்டினார்.

ஓட்டக் குழுவினர் ஒருவர்பின் ஒருவராக ஏறினார்கள். முன்னால் இடம் இருந்தும் கடைசி இருக்கைகளுக்குப் போனார்கள். சுன்னிம் படிக்கட்டின் கீழே நின்று மிரேயின் முகத்தைப் பார்த்தாள். மிரே கோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. சுன்னிம் ஏறவில்லை.

சுடுகாட்டுக்குப் போகிற வழி அந்தப் பாலம்தான். ஏற்றத்தில் வண்டி வேகம் குறைந்தது. ஓரத்தில் கயிறு இல்லை, கூட்டம் இல்லை. ஒரு கம்பத்தில் மட்டும் யாரோ கட்டிய மஞ்சள் பலூன் சுருங்கித் தொங்கியது. பின்னால் யாரோ இருமினார்கள். பாலத்தைத் தாண்டும்வரை வேறு சத்தம் எழவில்லை.

சாம்பலைக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஹான்சொல் வேலைக்குத் திரும்பிய வாரம், மிரே நன்றிக் கடிதங்களை எழுத உட்கார்ந்தாள். எங்கள் துக்கத்தில் உடனிருந்து ஆறுதல் அளித்தமைக்கு என்று தொடங்கும் அச்சடித்த கடிதம்தான். முகவரியை மட்டும் கையால் எழுதினாள். நாத்தனாருக்கு, டெப்போ மேஸ்திரிக்கு, டிரைவர்களுக்கு. பிறகு தெக்கிலுக்கும் குழுவில் இருந்த ஒவ்வொருவருக்கும். ஒருவருக்கும் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கடைசி உறை கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது. சுவரில், பழைய ஆணியில், நீலக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மிரே பேனாவை எடுத்து, இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சொல்லாத மரியாதையோடு, திருமதி யாங் சுன்னிம் அவர்களுக்கு என்று எழுதினாள். உள்ளே, அச்சுக்குக் கீழே கொஞ்சம் வெள்ளையிடம் இருந்தது. அதில் ஒரே வரி எழுதினாள்: கோட்டு வந்து சேர்ந்தது.

மூடியைப் பசையிட்டு, மேலே தபால்தலையை ஒட்டி, விரலால் நன்றாக அழுத்தினாள்.

வெளியே வந்தபோது சுன்னிம் கடைவாசலில் உட்கார்ந்து எள்ளிலைக்குச் சாறு தடவிக்கொண்டிருந்தாள். மிரேயைக் கண்டதும் எழுந்து, இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மிரே தலையை, மரியாதைக்கு எவ்வளவு தாழ்த்த வேண்டுமோ அவ்வளவு தாழ்த்திவிட்டு, சரிவில் இறங்கி நடந்தாள்.

தபாலாபீஸ் பெண் கட்டைப் பிரித்து முத்திரை குத்தும்போது கடைசி உறையில் நிதானித்தாள்.

"இது உங்க எதிர்க்கடைதானேம்மா? போற வழியில கையிலயே குடுத்துடலாமே. இது ஆத்துக்கு அந்தாண்ட போய்ப் பிரிச்சு, திரும்பி வரணும்."

"ஸ்டாம்பு ஒட்டியாச்சு," என்றாள் மிரே.

அந்தப் பெண் முத்திரையைக் குத்தி உறையைச் சாக்கில் போட்டாள். பிற்பகல் வண்டி வாசலில் வந்து நின்றிருந்தது. சாக்கின் வாயைக் கட்டி ஏற்றினார்கள். வண்டி கிளம்பி, மூலையில் திரும்பி, பாலத்துப் பக்கம் போயிற்று.